எல்லைக்கு அப்பால் ஓர் அச்சுக்கூடம்: செராம்பூர் பாப்டிஸ்ட் இதழான ‘சமாசார் தர்ப்பண்’ வரலாறு – புதுச்சேரியிலிருந்து ஒரு மறுநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வங்காளத்தின் செராம்பூரில் பாப்டிஸ்ட் மறைப்பணியாளர்கள் 1818ஆம் ஆண்டு தொடங்கிய ‘சமாசார் தர்ப்பண்’ என்னும் வார இதழ், இந்திய மொழி இதழியலின் தொடக்கங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. செராம்பூர் அன்று டேனிஷ் ஆட்சிக்குட்பட்ட சிறு நிலப்பகுதி. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின்னர், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் பாரதியின் ‘இந்தியா’ அச்சேறியது. இவ்விரு இதழ்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது, அயலாட்சி நிலம் அச்சுக்கூடத்திற்குப் பாதுகாப்பளித்தது என்பது விளங்குகிறது. ஆயினும், இதழின் ஆயுளை முடிவு செய்தது அந்த நிலத்திற்கு வெளியே ஓடிய அஞ்சல் வழியே என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச் சொற்கள்: சமாசார் தர்ப்பண், செராம்பூர், பாப்டிஸ்ட் அச்சகம், புதுச்சேரி, இந்தியா இதழ், அஞ்சல், அச்சுத் தணிக்கை

முன்னுரை

பாரதியின் புதுச்சேரி வாழ்வைப் பற்றி எழுதுவோர், பிரெஞ்சு மண்ணில் அவருக்கு எழுத்துரிமை வாய்த்தது என்று குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அரை உண்மைதான். 1908 அக்டோபரில் புதுச்சேரியில் மீண்டும் வெளிவரத் தொடங்கிய ‘இந்தியா’, 1910 மார்ச்சில் நின்றுபோனது. அவ்விதழைப் பிரெஞ்சு அரசு மூடவில்லை. அச்சுக்கூடத்திற்கு முத்திரையும் வைக்கவில்லை. எழுத்துரிமை இருந்த நிலத்தில் இதழ் ஏன் பதினெட்டு மாதங்களைக்கூடத் தாண்டவில்லை என்னும் வினாவுக்கு, புதுச்சேரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நிறைவான விடை கிடைக்காது. இதே வகையான நிலத்தில், ஏறத்தாழ இதே சிக்கலை எதிர்கொண்டு, 23 ஆண்டுகள் நிலைத்த வேறோர் இதழின் கதை இதற்கு உதவுகிறது. அவ்விதழ் தமிழில் வெளிவந்ததன்று. அதனை நடத்தியோர் அரசை எதிர்த்தவர்களும் அல்லர். இந்த இரண்டு வேறுபாடுகளையும் மனத்தில் கொண்டே ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.

பெயர் குறித்து ஒரு சொல். ‘தர்ப்பணம்’ என்றவுடன் நமக்கு நீத்தார் கடனே நினைவுக்கு வரும். வடமொழியில் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லும் நீர்க்கடனைக் குறிக்கும் சொல்லும் முதலெழுத்தொலியால் வேறுபட்டவை. தமிழ் எழுத்தில் அவை ஒன்றாகிவிடுகின்றன. இதழின் பெயரில் உள்ளது கண்ணாடி. ‘செய்திக் கண்ணாடி’ என்பது அதன் பொருள்.

டேனிஷ் கொடியின் நிழல்

கல்கத்தாவுக்கு வடக்கே, ஊக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த செராம்பூர், 1755 முதல் டேனியருக்கு உரியதாக இருந்தது. ஃபிரடெரிக்ஸ்நகர் என்பது அவர்கள் இட்ட பெயர். அதே ஆற்றங்கரையில், சற்று வடக்கே, பிரெஞ்சுக்காரரின் சந்திரநாகூர் இருந்தது. சோழமண்டலக் கரையில் டேனியரின் தரங்கம்பாடியும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியும் காரைக்காலும் ஆங்கில நிலத்தால் சூழப்பட்டிருந்த அமைப்பின் சிறு படிவமாக அந்த ஆற்றங்கரையைக் கொள்ளலாம்.

இங்கிலாந்து பாப்டிஸ்ட் சங்கத்தின் முதல் மறைப்பணியாளருள் ஒருவராக வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தார். கிழக்கிந்தியக் கும்பினி தன் ஆட்சிப் பகுதியில் மறைப்பணியாளர்களை அன்று அனுமதிக்கவில்லை. கேரி அவுரித் தொழிற்சாலை மேலாளராகவே காலம் கழிக்க நேர்ந்தது. 1799 அக்டோபரில் ஜோஷுவா மார்ஷ்மன், அச்சுத்தொழில் அறிந்த வில்லியம் வார்டு முதலியோர் ‘கிரைட்டீரியன்’ என்னும் அமெரிக்கக் கப்பலில் வந்து, கல்கத்தாவில் தங்காமல் நேரே செராம்பூருக்குச் சென்றனர். டேனிஷ் ஆளுநர் ஓலே பீ அவர்களைத் தம் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டார். 1800 ஜனவரியில் கேரியும் தம் அச்சுப்பொறியோடு அங்கே வந்து சேர்ந்தார்.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தி உண்டு. வந்திறங்கியவர்களைப் பற்றிக் கல்கத்தா இதழொன்று செய்தி வெளியிட்டபோது, ‘பாப்டிஸ்ட்’ என்பது ‘பேப்பிஸ்ட்’ என்று அச்சாகிவிட்டது. பேப்பிஸ்ட் என்றால் போப்பாண்டவரைச் சார்ந்தவர், அதாவது கத்தோலிக்கர். நெப்போலியனின் படை எகிப்தில் இருந்த காலம் அது. அயல்நாட்டுக் கப்பலில் வந்து அயலாட்சி நிலத்தில் இறங்கிய கத்தோலிக்கர்கள் பிரெஞ்சு ஒற்றர்களாக இருக்கக்கூடும் என்று வெல்லெஸ்லியின் அரசு ஐயுற்றது. ஓர் அச்சுப் பிழை அரசியல் ஐயத்தைக் கிளப்பிய இந்நிகழ்ச்சியை, மார்ஷ்மனின் மகன் ஜான் கிளார்க் மார்ஷ்மன் பின்னாளில் தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார்.

செராம்பூர் அச்சுக்கூடத்தின் வளர்ச்சி பலரும் அறிந்ததே. பஞ்சானன் கர்மகார் என்னும் வங்கக் கொல்லரும் அவர் மருமகன் மனோகரும் வெட்டிய அச்சுக்களால் பல இந்திய மொழிகளின் எழுத்துகள் அங்கு வார்க்கப்பட்டன. தமிழும் அவற்றுள் ஒன்று. 1812 மார்ச் 11ஆம் நாள் அச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்தபோது, பப்ரிசியஸ் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சில் இருந்தது. எழுத்துகள் உருகிப் போயின. எஃகு அச்சுகள் தப்பின. உருகிய ஈயத்தைக் கொண்டே சில வாரங்களில் எழுத்துகளை மீண்டும் வார்த்தனர்.

பப்ரிசியஸின் பெயரைச் சொன்னதும் புதுச்சேரி குறுக்கிடுகிறது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது, ஆங்கிருந்த அச்சுப்பொறியையும் கவர்ந்து சென்னைக்குக் கொண்டுசென்றனர். அதனை இயக்கத் தெரிந்தவர் அரசிடம் இல்லாமையால், வேப்பேரியில் இருந்த பப்ரிசியஸிடம் அது ஒப்படைக்கப்பட்டது. அரசுக்கு வேண்டும்போது முதலில் அதனை அச்சிட்டுத் தரவேண்டும் என்பது நிபந்தனை. வேப்பேரி அச்சகத்தின் புகழ்பெற்ற வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது. ஓர் அச்சுப்பொறி எவருடைய நிலத்தில் நிற்கிறதோ அவருடைய விருப்பத்திற்கும் அது உட்பட வேண்டும் என்னும் கணக்கு, செராம்பூருக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே இங்கு எழுதப்பட்டுவிட்டது.

1807: அச்சுக்கூடம் யார் நிலத்தில் இருக்கலாம்?

செராம்பூர் வரலாற்றில் 1807 செப்டம்பரில் நடந்தது, பின்னர் வந்த இதழின் போக்கைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தலைப்பாகை, சமயக் குறிகள் பற்றிய ஆணைகள் உடனடிக் காரணங்களாயின. ஆயினும், மதமாற்ற அச்சமே அதற்கு அடிப்படை என்ற கருத்து லண்டனிலும் கல்கத்தாவிலும் வலுப்பெற்றது. தமிழ் நிலத்துக் கோட்டை ஒன்றில் எழுந்த புகை, ஊக்ளிக் கரையில் இருந்த அச்சுக்கூடத்தின் மீது படர்ந்தது.

அந்தச் சூழலில், செராம்பூரில் அச்சான பாரசீகச் சிறு வெளியீடு ஒன்றில் இசுலாமிய நபியைப் பற்றி இழிவான சொற்கள் இடம்பெற்றிருந்தமை அரசின் பார்வைக்கு வந்தது. புதிதாகப் பொறுப்பேற்றிருந்த மிண்டோ பிரபுவின் அரசு, அச்சுக்கூடத்தையே கல்கத்தாவுக்கு மாற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. இந்த ஆணையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. நூலைத் தடைசெய்தல் எளிது. ஆனால் அடுத்த நூலைத் தடுக்க வேண்டுமானால் பொறி தன் கையெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்று அரசு கருதியது.

டேனிஷ் ஆளுநர் கிரெஃப்டிங் இதற்கு இணங்க மறுத்தார். அச்சுக்கூடம் டேனிஷ் அரசரின் பாதுகாப்பில் உள்ளது என்பது அவர் நிலை. இங்கே நம் வழக்கமான கதை முடிந்திருக்க வேண்டும்: அயலாட்சி நிலம் காத்தது, அச்சுக்கூடம் தப்பியது. ஆனால் கேரியும் மார்ஷ்மனும் அத்துடன் நிற்கவில்லை. கல்கத்தா சென்று மிண்டோவைக் கண்டனர். பணிவான விண்ணப்பம் ஒன்றை அளித்தனர். முடிவில், கும்பினியின் ஆட்சிப் பகுதியில் பரப்பப்படும் வெளியீடுகளை முன்னதாக அரசின் பார்வைக்கு அனுப்புவது என்ற உடன்பாட்டின் பேரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

டேனிஷ் ஆளுநரின் துணை இருந்தும் ஏன் பணிந்தனர்? இரண்டு காரணங்களைக் காணலாம். 1801 முதல் கேரி கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்க மொழி ஆசிரியர். அவருடைய ஊதியம் செராம்பூர்ப் பொது நிதியின் தூண்களுள் ஒன்று. இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. செராம்பூரில் அச்சாகும் நூல்களைப் படிக்க வேண்டியவர்கள் செராம்பூரில் இல்லை. சில ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊருக்காக எவரும் பல மொழிகளில் எழுத்து வார்ப்பதில்லை. வாசகர் அனைவரும் கும்பினியின் நிலத்தில் இருந்தனர். எல்லைக்கு இப்பால் எதையும் அச்சிடலாம். எல்லையைத் தாண்டிய மறுகணம் அது கும்பினியின் பொருளாகிவிடும். அந்தப் பாதுகாப்பும் நிலையானதன்று என்பதற்கு அடுத்த ஆண்டே சான்று கிடைத்தது. ஐரோப்பியப் போரின் விளைவாக 1808 ஜனவரியில் ஆங்கிலேயர் செராம்பூரைக் கைப்பற்றினர். 1815இல்தான் அது மீண்டும் டேனியரிடம் வந்தது.

1818: இதழின் தோற்றமும் ஓர் அச்சமும்

1818 ஏப்ரலில் ‘திக்தர்சன்’ என்னும் வங்க மாத இதழ் செராம்பூரிலிருந்து வெளிவந்தது. அது மாணவர்க்கும் இளைஞர்க்கும் உரிய அறிவுத் துணுக்குகளைக் கொண்டது. அரசு எவ்வாறு ஏற்கும் என்பதை நாடிபிடித்துப் பார்க்கும் முயற்சியாகவும் அதனைக் கருத இடமுண்டு. எதிர்ப்பு எழவில்லை. 1818 மே 23ஆம் நாள், சனிக்கிழமை, ‘சமாசார் தர்ப்பண்’ வார இதழின் முதல் எண் வெளிவந்தது. ஆசிரியர் ஜான் கிளார்க் மார்ஷ்மன். ஐந்து வயதில் செராம்பூர் வந்து வங்கம் பேசி வளர்ந்தவர். அதே ஆண்டில் ‘பிரண்ட் ஆஃப் இந்தியா’ என்னும் ஆங்கில இதழும் தொடங்கியது. வங்க மொழியின் முதல் செய்தியிதழ் எது என்னும் வழக்கில், அதே 1818இல் கங்காகிசோர் பட்டாசாரியர் கல்கத்தாவில் வெளியிட்ட ‘பெங்கால் கெஜட்டி’ போட்டிக்கு நிற்கிறது. அதன் படிகள் கிடைக்காமையால் வழக்கு தீர்வதாக இல்லை. முதன்மை பற்றிய வழக்குகளில் பெரும்பாலானவற்றின் தலைவிதி இதுவே.

இதழ் தொடங்குவதற்குக் கடும் எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை, கேரியிடமிருந்தே வந்தது. 1807ஐ அவர் மறக்கவில்லை. நாட்டு மொழியில் செய்தித்தாள் நடத்துவது அரசின் ஐயத்தைக் கிளறி, ஏனைய பணிகளையும் கெடுத்துவிடும் என்று அவர் அஞ்சினார். முதல் இதழின் மெய்ப்புப் படி தோழர்களின் முன் வைக்கப்பட்டபோதுதான் இறுதி விவாதம் நடந்தது. இதழையும் அதன் உள்ளடக்கத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கல்கத்தாவின் உயர் அலுவலர்களுக்கு அனுப்புவது, அவர்கள் மறுப்புத் தெரிவித்தால் உடனே நிறுத்திவிடுவது என்ற உறுதியின் பேரிலேயே கேரி இசைந்தார்.

காலவரிசையை இங்கு நோக்க வேண்டும். 1799இல் வெல்லெஸ்லி விதித்த முன்தணிக்கை அப்போது நடைமுறையில் இருந்தது. ஹேஸ்டிங்ஸ் பிரபு அதனை நீக்கியது 1818 ஆகஸ்டில். டேனிஷ் நிலத்தில் அத்தணிக்கை செல்லாது. செல்லாத தணிக்கைக்கு விரும்பி உட்பட்ட இதழ் என்று ‘சமாசார் தர்ப்பண்’ இதழைச் சொன்னால் அது மிகையாகாது. அயலாட்சி நிலம் அளித்த உரிமையை அவர்கள் பயன்படுத்தவில்லை. அதனைக் கையில் வைத்துக்கொண்டே வேறொன்றைப் பெற்றனர்.

அஞ்சல் கட்டணத்தில் கால் பங்கு

அந்த வேறொன்று அஞ்சல் சலுகை. ஹேஸ்டிங்ஸ் இதழை வரவேற்று எழுதியதோடு, வழக்கமான அஞ்சல் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்கைச் செலுத்தி அதனை அனுப்பிக்கொள்ள அனுமதியும் அளித்தார். இதழியல் வரலாறுகள் இச்செய்தியை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ‘சமாசார் தர்ப்பண்’ இதழின் வரலாற்றில் இதைவிட முதன்மையான செய்தி வேறில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

அக்கால அஞ்சல் கட்டணம் தொலைவையும் எடையையும் கொண்டு கணக்கிடப்பட்டது. அஞ்சல்தலையும் நாடு முழுமைக்கும் ஒரே கட்டணம் என்ற முறையும் 1854இல்தான் வந்தன. கல்கத்தாவில் வாழும் வாசகருக்கு ஆளிடம் கொடுத்தனுப்பி இதழைச் சேர்க்கலாம். டாக்காவிலோ முர்ஷிதாபாத்திலோ வாழும் நிலக்கிழாருக்கும் நீதிமன்ற அலுவலருக்கும் அஞ்சல் ஒன்றே வழி. அஞ்சல் கட்டணம் இதழின் விலையைவிட உயர்ந்துவிட்டால் சந்தா நிலைக்காது. கால் பங்குக் கட்டணம் என்பது, கல்கத்தா நகர்ப்புற இதழாக முடங்கியிருக்கக்கூடிய ஒன்றை வங்காளம் முழுமைக்கும் உரியதாக மாற்றிய கருவி. பல ஊர்களிலிருந்து வந்த செய்திகளும் வாசகர் கடிதங்களும் அதன் பக்கங்களில் இடம்பெற்றமைக்கும் இதுவே அடித்தளம். அஞ்சல் ஒருவழிப் பாதையன்று. இதழைக் கொண்டுசென்ற ஓட்டக்காரன் செய்தியையும் கொண்டுவந்தான்.

சலுகைக்கு ஈடாக இதழ் எதைக் கொடுத்தது? எழுதப்பட்ட ஒப்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை. அரசு நியமனங்கள், புதிய சட்டங்கள், ஆணைகள் ஆகியவற்றுக்கு அது முதலிடம் அளித்தது. அடுத்து ஐரோப்பியச் செய்திகள், வணிக விவரங்கள், புதிய கண்டுபிடிப்புகள், இந்தியாவின் பண்டை வரலாறு. சந்தாதாரர் பட்டியலில் துவாரகநாத் தாகூரின் பெயர் முதலில் நின்றது. மறைப்பணி இதழ் ஒன்றுக்குக் கல்கத்தாவின் இந்துச் செல்வர் முதல் சந்தாதாரராக அமைந்தமை அதன் உள்ளடக்கத்தைப் பற்றிப் பலவற்றைச் சொல்கிறது.

‘பாப்டிஸ்ட் இதழ்’ என்று சொல்லலாமா?

உடைமையாளரைக் கொண்டு பார்த்தால் இது பாப்டிஸ்ட் இதழ். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சொத்துரிமையும் நிருவாகமும் பற்றிய பூசலால் செராம்பூர்க் குழுவினர் 1827இல் தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்தனர். 1837இல்தான் மீண்டும் இணைந்தனர். இதழின் ஆயுளில் ஏறத்தாழப் பாதிக்காலம், அது பாப்டிஸ்ட் சங்கத்தின் தொடர்பற்ற பாப்டிஸ்டுகளின் இதழாகவே இருந்தது.

எழுதியோரைக் கொண்டு பார்த்தால் நிலைமை மேலும் மாறுகிறது. ஜெயகோபால் தர்க்காலங்காரர், தாரிணிசரண் சிரோமணி முதலிய பண்டிதர்களே வங்க நடையை அமைத்தவர்கள். ஆசிரியர் பெயர் மார்ஷ்மனுடையது, உரைநடை பண்டிதர்களுடையது. தமிழ் மறைப்பணி அச்சகங்களின் வரலாற்றிலும் இதே நிலைதான். பெயர்ப் பக்கத்தில் ஐரோப்பியர் நிற்பார். மெய்ப்புத் தாளில் முன்ஷியோ புலவரோ இருப்பார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மறைப்பணியினர் 1841 ஜனவரியில் தொடங்கிய ‘உதயதாரகை’ இவ்வகையில் ஒரு படி முன்னேறியது. அதன் தொடக்க ஆசிரியர்களாகிய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும், பெயரால் அமெரிக்கராகத் தோன்றினும், யாழ்ப்பாணத் தமிழர்களே.

சமயப் பரப்புரையை இதழில் பெரிதும் தவிர்த்தனர் என்பதும் உண்மை. ஒருமுறை தவிர்க்கத் தவறினர். 1821 ஜூலையில் இந்து சாத்திரங்களைக் குறைகூறும் கடிதமொன்று இதழில் வெளிவந்தது. மறுப்பு எழுதலாம் என்ற அழைப்பும் அதனுடன் இருந்தது. ராம்மோகன் ராய் விரிவான மறுப்பை எழுதி அனுப்பினார். அது முழுமையாக வெளியிடப்படவில்லை. தம் பண்டிதர் சிவபிரசாத் சர்மாவின் பெயரில் ‘பிராமண சேவதி’ என்னும் வெளியீட்டை வங்கத்திலும் ஆங்கிலத்திலும் அவர் தாமே கொண்டுவந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ‘சம்பாத் கௌமுதி’ பிறந்தது; அதிலிருந்து பிரிந்த பவானிசரண் பந்தியோபாத்தியாயர் 1822இல் ‘சமாசார் சந்திரிகா’ என்னும் வைதிகச் சார்பு இதழைத் தொடங்கினார்.

வங்க இதழியலின் பன்முகத் தன்மைக்கு, வெளியிட மறுத்த ஒரு கடிதமும் காரணமாயிற்று. இவ்வகை வளர்ச்சி தமிழிலும் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’க்கு எதிர்நிலையாகச் சைவ அச்சு முயற்சிகள் எழுந்தன, ஆறுமுக நாவலர் தமக்கென அச்சுக்கூடம் நிறுவினார். 1889இல் ‘இந்து சாதனம்’ தோன்றியது. சமயப் பூசலாக மட்டும் இவற்றைப் படிப்பது குறைபாடுடையது. அச்சில் மறுமொழி சொல்லும் இடம் யாருடையது என்னும் உடைமைப் போராட்டமும் அதனுள் இருந்தது.

1823இல் ஜான் ஆடம் கொண்டுவந்த உரிமம் பெறும் விதி, ராம்மோகனின் பாரசீக இதழான ‘மிராத்-உல்-அக்பார்’ இதழை நிறுத்தச் செய்தது. உரிமம் கேட்டு நிற்பது இழிவு என்று கருதி அவரே அதனை மூடினார். செராம்பூர் இதழோ தொடர்ந்தது. 1826இல் பாரசீகப் பதிப்பு ஒன்றும் வந்தது. 1829 முதல் வங்கமும் ஆங்கிலமும் இருபத்தியாக அச்சாகின. 1832இல் வாரம் இருமுறையாகி, 1834இல் மீண்டும் வார இதழாயிற்று. 1835இல் மெட்காஃப் அச்சுக் கட்டுப்பாடுகளை நீக்கியபின், டேனிஷ் நிலம் என்னும் தனிச்சிறப்புக்குப் பொருள் குறைந்தது. வார்டு 1823இலும், கேரி 1834இலும், மூத்த மார்ஷ்மன் 1837இலும் மறைந்தனர். இளைய மார்ஷ்மனின் பொறுப்புகள் பெருகின. 1841 டிசம்பரில் இதழ் நின்றது. பின்னர் அதற்கு உயிரூட்ட நடந்த முயற்சிகள் நிலைக்கவில்லை.

புதுச்சேரிக்குத் திரும்புதல்

1908 ஆகஸ்டில் சென்னையில் ‘இந்தியா’வின் சட்டப்படியான ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த மு. சீனிவாசன் கைதானார். பாரதி புதுச்சேரி வந்தார். மண்டயம் குடும்பத்தாரின் முயற்சியால் அச்சுப்பொறியும் வந்தது. பிரான்சின் 1881 ஜூலை 29ஆம் நாளைய அச்சுரிமைச் சட்டம் அதன் குடியேற்ற நாடுகளுக்கும் உரியது. முன் அனுமதியோ பிணைத்தொகையோ வேண்டியதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உடைய பொறுப்பாளர் ஒருவரின் பெயரோடு அறிவிப்புக் கொடுத்தால் போதும். செராம்பூரில் டேனிஷ் ஆளுநரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்த பாதுகாப்பு, புதுச்சேரியில் சட்டத்தின் வடிவில் இருந்தது. அச்சிடும் உரிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், பாரதியின் நிலை கேரியின் நிலையைவிடப் பன்மடங்கு உறுதியானது.

வாசகரின் இருப்பிடம் மட்டும் மாறவில்லை. தமிழில் இதழ் படிப்போர் மதுரையிலும் திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் சென்னையிலும் இருந்தனர். இதழ் அவர்களிடம் செல்வதற்கும், அவர்கள் சந்தா திரும்பி வருவதற்கும் ஒரே வழி பிரிட்டிஷ் இந்திய அஞ்சல். புதுச்சேரி நகரிலேயே பிரெஞ்சு அஞ்சலகத்தோடு பிரிட்டிஷ் இந்திய அஞ்சலகமும் இயங்கிவந்தது. ஊருக்குள் நின்ற அந்த அலுவலகத்தை நகரின் எல்லைக்கோடு உள்ளே புகுந்துவிட்ட இடம் என்று கூறலாம். சுதேசிகளின் கடிதங்கள் அங்கே கண்காணிக்கப்பட்டன. 1910 பிப்ரவரியில் நிறைவேறிய இந்திய அச்சுச் சட்டம், ஐயத்துக்குரிய வெளியீடுகளை அஞ்சலிலும் சுங்கத்திலும் தடுத்து வைக்கும் அதிகாரத்தை அலுவலர்களுக்கு அளித்தது. ‘இந்தியா’வின் கடைசி இதழ் 1910 மார்ச் 12ஆம் நாள் வெளிவந்தது. ‘விஜயா’ நாளிதழும் அவ்வாண்டைத் தாண்டவில்லை. 1911இல் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய பாரதியின் நூல்களும் சென்னை மாகாணத்தில் தடைசெய்யப்பட்டன.

1818இல் கால் பங்குக் கட்டணமாகக் குறைந்த அஞ்சல் கதவு, 1910இல் முற்றாகச் சாத்தப்பட்டது. இரண்டு இடங்களிலும் அச்சுக்கூடத்தின் மேல் வேறொரு நாட்டின் கொடியே பறந்தது. செராம்பூர்க் குழுவினர் தம் உரிமையை விட்டுக்கொடுத்து வழியைப் பெற்றனர். புதுச்சேரிக் குழுவினர் உரிமையை முழுமையாகப் பயன்படுத்தி வழியை இழந்தனர். இதனை அடிபணிதலுக்கும் துணிவுக்கும் இடையிலான ஒப்பீடாக எளிமைப்படுத்த வேண்டியதில்லை. செராம்பூர்க் குழுவின் நோக்கங்களுக்கு அரசின் நல்லெண்ணம் தேவை. ‘இந்தியா’வின் நோக்கமே அவ்வரசை எதிர்ப்பது. பாரதி மெய்ப்புத் தாளை மொழிபெயர்த்துச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பியிருப்பார் என்று கற்பனைகூடச் செய்ய இயலாது.

இவ்வாறு நோக்குவதால் சான்றுகளைத் தேடும் இடமும் மாறுகிறது. ‘சமாசார் தர்ப்பண்’ இதழிலிருந்து பிரஜேந்திரநாத் பந்தியோபாத்தியாயர் தொகுத்த செய்தித் தொகுதிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கச் சமூக வரலாற்றின் முதன்மைச் சான்றாக விளங்குகின்றன. ‘இந்தியா’வின் எழுத்துகளைத் தமிழில் இளசை மணியன், சீனி. விசுவநாதன் முதலியோர் அரிதின் முயன்று திரட்டித் தந்துள்ளனர். இரண்டிலும் நமக்குக் கிடைப்பது எழுத்து. அவ்வெழுத்து எவ்வழியே, எத்தனை நாளில், எவர் கையில் சேர்ந்தது என்பதைத் தனியே தேட வேண்டியிருக்கிறது. அதற்கான தடயங்கள் இதழ்ப் பக்கங்களின் ஓரங்களில் உள்ளன: முகவர் அறிவிப்புகள், சந்தா பாக்கி பற்றிய வேண்டுகோள்கள், இதழ் வந்து சேரவில்லை என்னும் வாசகர் முறையீடுகள், அஞ்சல் கட்டண விவரங்கள். தொகுப்பாளர்கள் இலக்கிய மதிப்பில்லை என்று கருதி விட்டுவிடும் பகுதிகள் பெரும்பாலும் இவையே. புதுச்சேரியின் பிரிட்டிஷ் இந்திய அஞ்சலகத்தைப் பற்றி அஞ்சல்தலை ஆர்வலர்கள் எழுதிய அளவுக்குத் தமிழ் இதழியல் ஆய்வாளர்கள் எழுதவில்லை.

1845இல் டென்மார்க் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்துக் கும்பினிக்கு விற்றது, விலை 12.5 லட்சம் ரூபாய். ‘சமாசார் தர்ப்பண்’ நின்று அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியிலேயே நீடித்தது.